கம்பத்துக்கு முன் எர்த்

ஸ்கேனர் ரேடியோ வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "கம்பம் எத்தனை அடி வேணும்?" என்பதுதான். வட்டவளைக்காரர் முதலில் கேட்க வேண்டியது, "எர்த் எங்கே இறக்கலாம்?" என்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி முழங்கும். அதோடு, லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. உங்கள் அன்டெனாவில் இறங்கும் மின்னல் உங்கள் வீட்டோடு நிற்காது. அடுத்த காம்பராத் தொட்டிலில் தூங்கும் பிள்ளையையும் நினைத்துத்தான் கம்பம் நட வேண்டும்.

அனுமதி

நாட்டில் ரேடியோக் கருவிகளைக் கட்டுப்படுத்துவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம். எனவே ஸ்கேனரை வாங்கும் முன்பே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குக் கருவியின் மொடலை எழுதி, அனுமதி பற்றிக் கேளுங்கள். பொலிஸ், இராணுவப் பேச்சுகளின் பக்கமே போகாதீர்கள். லயம் தோட்டத்துடையது என்றால் நிர்வாகத்திடமும், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இடம்

ஸ்கேனர் பிடிக்கும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. மலை குறுக்கே வந்தால் அடைபட்டுவிடும். நமக்குக் கிழக்கே 2,524 மீற்றர் உயரத்தில் பிதுருதலாகலை இருக்கிறது. ஆனால் அங்கிருந்து வரும் அலைக்குக் குறுக்கே கிரேட் வெஸ்டர்ன் மலை நிற்கிறது. அதனால் தரையிலிருந்து வரும் அலை சில வீடுகளுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. வானத்தில் பறக்கும் விமானத்தின் பேச்சோ பள்ளத்து வீட்டுக்கும் எட்டும். அது 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையில் இருக்கும்.

ஆகவே உடனே கம்பம் நடாதீர்கள். காய்ந்த மூங்கில் கழியில் அன்டெனாவைக் கட்டி, முன்வாசலிலும் பின்தோட்டத்திலும் நடந்து பாருங்கள். கம்பத்தைப் பத்தடி உயர்த்தினால் கிடைக்காத சத்தம், பத்தடி தள்ளி வைத்தால் கிடைப்பதுண்டு. கரண்ட் கம்பிக்கும் உங்கள் கம்பத்துக்கும் நடுவே, கம்பத்தின் முழு உயரத்தில் ஒன்றரை மடங்கு தூரமாவது இருக்கட்டும். சாய்ந்தாலும் தொடக்கூடாது.

கம்பமும் அன்டெனாவும்

தகரத்தில் ஓட்டை போட்டுக் கம்பம் ஏற்றாதீர்கள். ஒழுகும், காற்றில் தகரமும் பெயரும். பின்தோட்டத்தில் மூன்றடிக் குழி வெட்டி, ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயைக் கொங்கிறீட் போட்டு நிறுத்துங்கள். மூன்று பக்கமும் சம இடைவெளியில் இழுவைக் கம்பி கட்டுங்கள். மண்சரிவு விளிம்பையும் மதிலின் ஓரத்தையும் தோண்டவே வேண்டாம்.

விமானப் பேச்சுக்கு அன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். சுமார் 57 சென்ரிமீற்றர் நீளக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்கட்டும். அதன் அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகள் 45 பாகை கீழ்நோக்கிச் சாயட்டும். கேபிளின் நடுக்கம்பி மேல்கம்பிக்கு, பின்னல் கீழ்க்கம்பிகளுக்கு. படுத்த நிலையில் இருக்கும் பழைய டீவி அன்டெனா இதற்குச் சரிவராது.

எர்த்

செம்பு பூசிய நாலடி அல்லது ஐந்தடிக் கோலைக் கம்பத்தின் அடியிலேயே அடித்து இறக்குங்கள். பாறை தட்டினால் இரண்டரை அடி ஆழத்தில் கால்வாய் வெட்டி, வெறும் செம்புக் கம்பியை நீளமாகப் புதையுங்கள். கம்பத்திலிருந்து கோலுக்குப் போகும் கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும்; வளைவில் மின்னல் வெளியே தாவும். கேபிளின் பின்னலையும் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே எர்த்தோடு சேருங்கள்.

பலரும் தவறவிடுவது ஒன்றுண்டு. இந்த எர்த்தும் வீட்டுக் கரண்டின் எர்த்தும் தனித்தனியாக இருந்தால், மின்னல் ஒன்றிலிருந்து மற்றதற்கு உங்கள் ரேடியோ வழியாகவே பாயும். இரண்டையும் இணைக்க வேண்டும். அதை உரிமம் உள்ள மின்சார வேலைக்காரர் செய்யட்டும்.

மழை

மழைக்குத் தப்பாதது கேபிளின் மூட்டு. கேபிளின் பின்னல் திரி போல நீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். ஒரு பருவத்திலேயே சத்தம் மங்கிவிடும். மூட்டின் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவை, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி சுற்றுங்கள். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே வளைத்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் வேலையை முடித்து, மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழை முடிந்த பின் மூட்டைத் திறந்து பாருங்கள்.

இடி

எர்த் இருந்தாலும் நேரடி மின்னலை முழுதாகத் தடுக்க முடியாது. அது மின்னலுக்கு வழிதான் காட்டும். இடி கேட்ட பிறகு ஓடி வந்து கேபிளைத் தொடுவது ஆபத்து. அந்நேரம் நீங்கள் மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கவும் கூடும். எனவே காலையில் வேலைக்குப் புறப்படும்போதே ரேடியோவின் கேபிளையும் பிளக்கையும் கழற்றி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.