கடையில் கிடைக்காத உப்பு

ஹவாய் உப்பு என்றால் சிவப்பு உப்பு, அது கடலிலிருந்தே அந்த நிறத்தில் வருகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. விளையும் உப்பு வெள்ளைதான். இரும்புச்சத்து மிகுந்த ‘அலயா’ என்னும் செம்மண்ணைக் கலந்த பிறகே அது சிவக்கிறது. கறுப்பு ‘எரிமலை உப்பு’ இன்னும் வேடிக்கை: அதில் இருப்பது எரிமலைக் குழம்பல்ல, கரித்தூள். ஹவாய் பெயரைத் தாங்கி வரும் செவ்வுப்பில் கலிபோர்னியாவில் விளைந்ததும் உண்டு.

ஹவாயில் பழைய முறையில் உப்பு விளைவது கவாய் தீவின் ஹனாபேபே கரையில். ‘காசு கொடுத்தால் அதையும் வாங்கிவிடலாம்’ என்று போனால் ஏமாற்றம்தான். அங்கே உப்பு எடுக்கும் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதை விற்பதில்லை. சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பார்கள், வேறு பொருளுக்கு மாற்றிக்கொள்வார்கள். விலை இல்லாததால்தான் அதன் மதிப்பு குறையாமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘கடல்நீரைத் தேக்கினால் உப்பு தானாக விளையும்’ என்பது வேலை பார்க்காதவர் பேச்சு. ஹனாபேபேயில் கடல்நீரை நேராகப் பாத்திக்குப் பாய்ச்சுவதில்லை. நிலத்தடியில் ஊறிக் கிணற்றில் சேரும் உவர்நீரைத்தான் எடுக்கிறார்கள். கோடை தொடங்கும்போது கிணற்றை இறைத்துச் சேறு வாருவார்கள். கருங்களிமண்ணைப் பிசைந்து பாத்திக்குப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெழுகுவார்கள். கிணற்று நீர் முதலில் ஒரு தொட்டியில் நின்று வெயிலில் செறிவாகும். பிறகே பாத்திக்குப் போகும். உப்பு படியப் படிய மேலும் நீர் விடுவார்கள். வாரும்போது மேலே உள்ள வெள்ளை உப்பு சாப்பாட்டுக்கு. அடியில் மண்ணோடு வருவது வேறு உபயோகங்களுக்கு. நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் அத்தனையும் கரைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து.

‘தொழில் தெரிந்த குடும்பங்கள் இருக்கும்வரை பயமில்லை’ என்பது கேட்க இதமான நம்பிக்கை. பாட்டன் சொல்லிக் கொடுத்ததைப் பேரன் மறக்கவில்லைதான். ஆனால் ஆபத்து நிலத்துக்கு வந்திருக்கிறது. கடல்மட்டம் உயர உயர, பெரிய அலைகள் மணல்மேட்டைத் தாண்டி உள்ளே வருகின்றன. தாழ்வான பாத்திகளில் வெள்ளம் நின்றுவிட்டால் அந்த ஆண்டு அறுவடையே இல்லை. போதாததற்கு, கடற்கரையில் ஓட்டும் வண்டிகள் அரணாக நிற்கும் மணல்மேட்டை நசுக்குகின்றன. கடல் உயர்வதை ஒரு தீவு தனியாக நிறுத்த முடியாது. மணலில் வண்டி ஓடுவதை நிறுத்த முடியும்; அதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, ஒரு தடுப்பும் கொஞ்சம் கண்டிப்பும் போதும்.