மிலிட்டரி இடம் என்றால் நாடாளுமன்றம் கேட்க முடியாதா?

பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் ஒரு சாலையை அடைத்தாலும், வெலிங்டனில் ஒரு பழைய பங்களாவின் குத்தகை பற்றிப் பேச்சு எழுந்தாலும், ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: 'அது மிலிட்டரி இடம், நாடாளுமன்றமே கேட்க முடியாது.' படிக்காதவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள், தேர்தலில் நின்றவர்களே சொல்கிறார்கள். எத்தனை முறை மறுத்தாலும் இது ஓய்வதாக இல்லை. பாதுகாப்புத் துறையிடம் உள்ள நிலம் சிறிதல்ல. 2022 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி அளந்து முடித்தது 17.78 லட்சம் ஏக்கர். பிரிக்கப்படாத பழைய விழுப்புரம் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். இதில் கண்டோன்மென்ட்களுக்குள் இருப்பது 1.61 லட்சம் ஏக்கர். மற்றதெல்லாம் வெளியே கிடக்கிறது. இவ்வளவு பெரிய பொதுச்சொத்தை நிர்வகிக்கும் டிஃபென்ஸ் எஸ்டேட்ஸ் துறையை மக்கள் பிரதிநிதிகள் கேள்வி கேட்க முடியாது என்று ஒரு நாடு நம்பினால், கேட்க வேண்டியவர்களே கேட்காமல் இருந்துவிடுவார்கள். இந்த வதந்தி செய்யும் கேடு அதுதான்.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் ராணுவச் செலவு மத்திய சட்டசபையின் வாக்கெடுப்புக்கே வராது. உறுப்பினர்கள் பேசலாம், வெட்ட முடியாது. அந்த ஏற்பாடு விடுதலையோடு போய்விட்டது. இன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் மற்றத் துறைகளுடையதைப் போலவே மக்களவையின் ஒப்புதலுக்கு வந்தாக வேண்டும். பாதுகாப்புக்கென்று 31 உறுப்பினர் கொண்ட நிலைக்குழு இருக்கிறது. எந்த மாநிலத்தில் எத்தனை ஏக்கர் ராணுவ நிலம் ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்ற கேள்வி இரு அவைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. அமைச்சர்கள் மாநிலவாரியாக அட்டவணை போட்டுப் பதில் வைக்கிறார்கள். கண்டோன்மென்ட்களை ஆளும் 2006ஆம் ஆண்டுச் சட்டமே நாடாளுமன்றம் இயற்றியது. தான் எழுதிய சட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்க அதற்கு உரிமை இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் கிடக்கட்டும், நடந்ததைப் பார்ப்போம். இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சி.ஏ.ஜி., 2010-11ஆம் ஆண்டுக்கான 35ஆம் எண் அறிக்கையை முழுக்க முழுக்க டிஃபென்ஸ் எஸ்டேட்ஸ் நிர்வாகத்துக்கே ஒதுக்கினார். அரசியல் சட்டத்தின் 151ஆம் பிரிவுப்படி அது 2011இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் போர்த் தந்திரமோ ஆயுதக் கிடங்கின் வரைபடமோ கிடையாது. ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கக்கூடிய சங்கதிகள்தான் இருந்தன: பதிவேடு, அளவை, குத்தகை, பாக்கி. ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். சுமார் 2,500 ஏக்கருக்கான குத்தகைகள் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன. நிலத்தின் மதிப்பு ரூ.11,000 கோடிக்கு மேல். ஆண்டு வாடகையோ ரூ.2 கோடி சொச்சம். வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு மாதம் சுமார் 700 ரூபாய் வருகிறது. சென்னையில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்குக்கூட அந்த வாடகை போதாது. இன்னொன்று, 97 கோல்ஃப் மைதானங்கள். ராணுவத்தின் நேரடிப் பயன்பாட்டுக்கென 'ஏ-1' வகையில் வைத்திருந்த 8,076 ஏக்கர் அவற்றில் போயிருந்தது. படையில் இல்லாதவர்களையும் ஆடவிட்டுப் பணம் வாங்கினார்கள். அரசுக்கு நிலவாடகை போகவில்லை. ஓர் எதிரி உளவாளி இதைப் படித்தால் அவனுக்குக் கிடைப்பது என்ன? வரி கட்டுகிற குடிமகன் படித்தால் அவனுக்குக் கிடைப்பது தன் சொத்தின் கணக்கு.

நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நாடாளுமன்றக் குழு ஓர் ஆவணத்தைக் கேட்கும்போது, அதை வெளியிடுவது நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு விளைவிக்கும் என்று கருதினால் அரசு தர மறுக்கலாம் என மக்களவை நடைமுறை விதி 270 சொல்கிறது. இந்த விதி உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறது. கார்கில் போர்க்காலக் கொள்முதல் பற்றிய தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்தபோது, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் அறிக்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் தர மறுத்தது. குழு அதைக் கண்டித்துத் தன் அறிக்கையிலேயே எழுதியது. ஆனால் விதியைச் சரியாகப் படியுங்கள். குறிப்பிட்ட ஓர் ஆவணத்தை, காரணம் சொல்லி, அரசு மறுக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. துறை முழுவதும் ஆய்வுக்கு அப்பாற்பட்டது என்று எங்கும் இல்லை. ஒரு அலமாரிக்குப் பூட்டு இருப்பதால் வீட்டுக்கே வாசல் கிடையாது என்று வாதாடலாமா?

இரண்டாவது ஆட்சேபம், ராணுவ நிலத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேசினாலே பாதுகாப்புக்கு ஆபத்து என்பது. ஆதர்ஷ் விவகாரம் இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது. மும்பை கொலாபாவில் ராணுவ நிலையத்துக்கு அருகில் 31 மாடிக் குடியிருப்பு எழுந்தது. அந்த இடம் ராணுவத்தின் அனுபவத்தில் இருந்தது. அங்கே பூங்கா ஒன்றுகூட அமைத்திருந்தார்கள். உள்ளூர் ராணுவ அதிகாரிகளே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து பார்த்தால் ராணுவ நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது என்ற பாதுகாப்புக் கவலையை 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்த சி.ஏ.ஜி. அறிக்கை பதிவு செய்தது. பாதுகாப்பைக் காற்றில் விட்டது கோப்பைக் கையில் வைத்திருந்தவர்கள். அதை எடுத்துச் சொன்னது தணிக்கை. மூடி வைத்தால் பாதுகாப்பு, திறந்தால் ஆபத்து என்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆதர்ஷைத் தொட்டதால் இன்னொரு கட்டுக்கதையையும் முடித்துவிடலாம். அந்த இடம் கார்கில் விதவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். மகாராஷ்டிர அரசு அமைத்த விசாரணை ஆணையம் அப்படி எந்த ஒதுக்கீடும் இல்லை என்றது. நிலமே மாநில அரசுடையது என்றும் சொன்னது. முறைகேடு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. முறைகேட்டைச் சொல்ல உண்மையே போதும், விதவைகளை இழுக்க வேண்டியதில்லை.

சி.ஏ.ஜி. எழுதினால் ஆள் உள்ளே போய்விடுவார் என்பது அடுத்தது. தணிக்கையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் துளியும் கிடையாது. அவர் எழுதுவார், அவை முன் வைக்கப்படும். பொதுக் கணக்குக் குழு அதில் சிலவற்றைத்தான் விரிவாக எடுத்துக்கொள்ளும். எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பதால் அந்தக் குழு அரசுக்கு எதிரான கூட்டம் என்பதும் பொய். தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குத் தரும் மரபு 1967இல் மினு மசானியோடு தொடங்கியது. 22 உறுப்பினர்களோ கட்சிகளின் பலத்துக்கேற்பத் தேர்வாகிறார்கள். 2011இல் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றித் தலைவர் முரளி மனோகர் ஜோஷி தயாரித்த வரைவை அதே குழுவின் பெரும்பான்மையினர் நிராகரித்ததை நாடே பார்த்தது. கடைசியாக ஒன்று: கண்டோன்மென்ட் பங்களாவில் 12 ஆண்டு குடியிருந்தால் சொந்தம் என்பது சுத்த அபத்தம். அரசு நிலத்துக்குக் காலவரம்பு 30 ஆண்டு. அதிலும் அனுமதியின் பேரில் இருப்பவருக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் எதிரனுபவ உரிமை பிறக்காது.

மேற்பார்வை எங்கே உண்மையில் தளர்கிறது என்று கேட்டால், அதிகாரத்தில் குறையில்லை, தொடர்ச்சியில்தான் குறை. தணிக்கைப் பத்தி ஒவ்வொன்றுக்கும் நான்கு மாதத்துக்குள் அமைச்சகம் நடவடிக்கைக் குறிப்பு தர வேண்டும். குழுவின் பரிந்துரைக்கு ஆறு மாதம். இந்தக் குறிப்புகளைத்தான் பத்திரிகைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. அறிக்கை வந்த அன்று முதல் பக்கம், பதில் வரும் நாளில் ஒரு வரிகூட இல்லை. இதைவிட வருத்தம் தருவது, பாதுகாப்புத் துறை பற்றிய தணிக்கை அறிக்கைகளை இணையதளத்தில் ஏற்றுவதைச் சில ஆண்டுகளுக்கு முன் சி.ஏ.ஜி. அலுவலகமே நிறுத்திக்கொண்டது. வேற்று நாட்டவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துவிடக்கூடாது என்பது காரணமாம். அவையில் வைத்துப் பொது ஆவணமாகிவிட்ட ஒன்றுக்கு இது பொருந்தாது. வெடிமருந்து இருப்பு பற்றிய அறிக்கைக்கு அந்தக் காரணத்தை ஏதோ ஒரு வகையில் புரிந்துகொள்ளலாம். நிலமும் குத்தகையும் பற்றிய அறிக்கைக்கு எந்த வகையிலும் முடியாது. 'மிலிட்டரி இடத்தைக் கேட்க முடியாது' என்ற வதந்திக்குத் தணிக்கை அலுவலகமே தண்ணீர் ஊற்றுவதுபோல ஆகிவிட்டது இது.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2018இல் தொடங்கி மூன்றே ஆண்டில் ட்ரோன், செயற்கைக்கோள் படம் எல்லாம் வைத்து நிலத்தை அளந்து முடித்தார்கள். விடுதலைக்குப் பிறகு மொத்த நிலத்தையும் இப்படி அளந்தது அதுவே முதல் முறை என்று அமைச்சகமே சொன்னது; நல்ல வேலைதான். அந்த அளவைப்படி ஒவ்வொரு புல எண்ணும் மாநில வருவாய்ப் பதிவேட்டில், நம் ஊரில் 'அ' பதிவேட்டில், பாதுகாப்புத் துறை பெயருக்கு ஏற வேண்டும். எங்கே ஏறவில்லையோ அங்கேதான் நாளைய ஆதர்ஷ் முளைக்கும். எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் ஏறியிருக்கிறது, எத்தனை பாக்கி என்ற கணக்கை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் சொல்லி, செங்கல்பட்டு, நீலகிரி மாவட்டப் பகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்கலாம். எழுத்துமூலக் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும்.