ஆங்கிலம் படிப்போம்: ‘எக்செப்ட்’ என்னும் சொல்

காணி உறுதியைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. பழைய உறுதிகள் சில ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் கவனமாகப் பார்க்கவேண்டிய சிறு சொல் ஒன்றுண்டு. அதுதான் ‘எக்செப்ட்’.

‘வெளியே எடுத்தல்’ என்னும் கருத்துள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. முழுவதையும் சொல்லிவிட்டு, அதிலிருந்து ஒன்றை வெளியே எடுத்துவைப்பதே இதன் வேலை. பஸ் நேர அட்டவணையில் ‘டெயிலி எக்செப்ட் சண்டே’ என்றிருந்தால், ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் பஸ் உண்டு. ஞாயிறன்று போய் நின்றால் வெயில்தான் மிச்சம்.

தமிழில் இதைத் ‘தவிர’ என்கிறோம். சிக்கலும் இங்கேதான். ‘கந்தையாவைத் தவிர எல்லோரும் வந்தார்கள்’ என்றால் கந்தையா வரவில்லை. ‘நெல்லைத் தவிர உழுந்தும் விதைத்தோம்’ என்றாலோ நெல்லும் விதைத்திருக்கிறோம். ஒரே சொல் ஓரிடத்தில் விலக்குகிறது, மற்ற இடத்தில் சேர்க்கிறது. நாம் பேச்சின் போக்கைக் கொண்டு விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் விலக்குவதற்கு ‘எக்செப்ட்’, சேர்ப்பதற்கு ‘பிசைட்ஸ்’.

இனி உறுதிக்கு வருவோம். எட்டுப் பரப்புக் காணியை, அதாவது அரை ஏக்கரை, விவரித்தபின் ‘எக்செப்ட் த வெல்’ என்றிருந்தால், கிணறு அந்தக் காணியோடு சேராது. வெங்காயமும் மிளகாயும் வைக்கும் தோட்டக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ‘டுகெதர் வித்’ என்றிருந்தால் மாறாக, அடுத்துச் சொல்லப்படும் கிணற்றுப் பங்கோ வழிவாய்க்காலோ காணியோடு சேரும். சில உறுதிகளில் ‘சேவ் அன்ட் எக்செப்ட்’ என்று இரட்டையாக வரும். இங்கே ‘சேவ்’ என்பது காப்பாற்றுதல் அல்ல; அதுவும் ‘தவிர’ தான். ‘ஓல் பட் வன்’ என்பதிலுள்ள ‘பட்’ என்பதும் அப்படியே. ‘ஆனால்’ என்று மொழிபெயர்த்தால் கருத்துக் கெட்டுவிடும். சந்தேகமானால் கையொப்பமிடுமுன் நொத்தாரிசிடம் அந்த வரியை வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

‘அக்செப்ட்’ என்று இன்னொரு சொல் உண்டு. ‘ஏற்றுக்கொள்’ என்பது கருத்து. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். எழுத்தில் பாருங்கள்: அது ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும், நம்முடையது ‘ஈ’ என்ற எழுத்தில் தொடங்கும்.

பயிற்சி: எதற்கு ‘எக்செப்ட்’, எதற்கு ‘பிசைட்ஸ்’?
‘அரிசியைத் தவிர பருப்பும் தந்தார்கள்.’
‘மாவைத் தவிர எல்லாம் தந்தார்கள்.’

விடை: முதலாவதற்கு ‘பிசைட்ஸ்’, இரண்டாவதற்கு ‘எக்செப்ட்’.