ஏலக்காய்க் கணக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளனும்

குச்சனூரைச் சுற்றி நெல் வயல்கள். மேற்கே ஏலம் விளையும் மலை. அந்த ஏலக்காய் போடிநாயக்கனூரிலும், கேரளத்தின் புற்றடியிலும் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. ஒவ்வொரு குவியலின் எடையும் விலையும் ஒரு தரவுத்தளத்தில் பதிவாவதாகக் கொள்வோம்.

அவற்றை வரைபடமாக்கும் மென்பொருள் வேறொரு கணிப்பொறியில் இருக்கிறது. இரண்டும் எப்படிப் பேசிக்கொள்ளும்? தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சுமுறை உண்டு. 5 வகை மென்பொருள்கள், 4 வகைத் தரவுத்தளங்கள் என்றால் 5 × 4 = 20 இணைப்புகளை எழுத வேண்டும் அல்லவா?

இதற்குத் தீர்வாக 1992-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பொதுமுறையே ஓ.டி.பி.சி. மென்பொருள் இந்த ஒரு முறையில் கேட்டால் போதும். தரவுத்தளத்துக்குரிய ‘டிரைவர்’ என்னும் சிறு நிரல், மொழிபெயர்ப்பாளனைப்போல் அதை மாற்றிச் சொல்லி விடையைக் கொண்டுவரும். இப்போது 5 + 4 = 9 போதும்!

ஆனால் டிரைவர் கொண்டுவருவது எண்களைத்தான். அவற்றின் பொருளை அன்று. 10 கிலோ, கிலோ 1,000 ரூபாய்க்கும், 90 கிலோ, கிலோ 2,000 ரூபாய்க்கும் விற்றன. சராசரி விலை 1,500 என்று வரைபடம் காட்டினால் அது தவறு. மொத்தத் தொகை 1,90,000 ரூபாய். எடை 100 கிலோ. ஆகவே சராசரி 1,900. தவறான படத்தை நம்பிய விவசாயி, அடுத்த முறை கிலோவுக்கு 400 ரூபாய் குறைத்துக் கேட்டாலும் தலையசைத்துவிடுவார்!

இன்னொன்று: வரைபட மென்பொருளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள், திருத்தும் உரிமை வேண்டாம்.

இருவகைச் சராசரியும் எப்போது ஒன்றாகும்? சிந்தித்துப் பாருங்கள்.