தூத்துக்குடியைக் காணும் முறை

பிரயாணஞ் செய்வோர் இருவகையினர். ஒருவகையினர் ஊரைப் பார்த்து வருவர். மற்றொரு வகையினர் ஊரைப் படித்து வருவர். குமாரலிங்கபுரத்தினின்று கடற்காற்று வாங்கவேண்டித் தூத்துக்குடிக்குச் செல்லும் நாம் எவ்வகையினராதல் தகும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அருப்புக்கோட்டையினின்று செல்லும் சாலை பந்தல்குடியையும், 1882-ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தையும் கடந்து தெற்கே செல்கின்றது. வழியில் நாம் காண்பது பெரும்பாலும் நம் கரிசல் நிலமே. கரிசற் சீமையில் விளைந்த பஞ்சு முற்காலத்தில் மாட்டுவண்டிகளில் தூத்துக்குடியை அடைந்து கப்பலேறிற்று. ஆதலின் அந்நகரம் நமக்கு அயலூரன்று. நம் முன்னோரது உழைப்பு உலகிற்குச் சென்ற வாயிலாகும்.

முத்துக்குளிப்பாற் பெயர்பெற்ற இந்நகரை 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1825-இல் அது ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிக் கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இங்கேதான். 1713-இல் கட்டப்பெற்ற பனிமய மாதா கோயிலையும், 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற புதிய துறைமுகத்தையும் கண்டு, மாலையில் மக்ரூன் பொட்டலத்துடன் கடற்கரையில் அமருங்கால், இஃது ஓய்ந்திருப்போர்க்கென அமைந்த ஊர் என்றே தோன்றும். மறுநாள் விடியலில் உப்பளங்களைக் காணின் அவ்வெண்ணம் மாறிவிடும்.

கடல்நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய 3.5 பங்கு உப்புக்கள் உள்ளன. அந்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ ஆழமற்ற பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலாலும் காற்றாலும் வற்றச் செய்வர். முதலிற் சுண்ணாம்புச் சத்தும், பின்னர் ஜிப்சமும் பிரிந்து படிகின்றன. செறிவு பாமே மானியில் ஏறத்தாழ 25 பாகையை எய்தும்பொழுது உப்புப் பளிங்குகள் உண்டாகத் தொடங்கும். மேலும் மிகச் செறியவிட்டாற் கசப்பான மக்னீசிய உப்புக்கள் கலந்துவிடும். ஆதலின் எஞ்சிய நீரை உரிய காலத்தில் வெளியேற்றுவர். வெண்பரப்பில் எதிரொளிக்கும் வெயில் கண்ணை வருத்த, உவர்நீர் பாதத்தை அரிக்க, ஆடவரும் பெண்டிரும் அவ்வுப்பை வாரிக் குவிக்கின்றனர்.

இங்கே நாம் கருதற்குரியதொன்று உண்டு. வானம் பொய்ப்பின் நம் வெள்ளாமை கெடும். வானம் பெய்யின் அவர்தம் உப்புக் கரையும். கோடையில் நாம் வெறுக்கும் வெயிலே அவர்க்குக் கூலி. ஐப்பசி கார்த்திகையில் நாம் கைகூப்பி வரவேற்கும் மழையோ அவர்தம் அடுப்பை அவித்துவிடுகின்றது. வேலையற்ற அம்மாதங்களுக்கென 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தை 2022-இல் தமிழ்நாட்டரசு தொடங்கியதும் இதுபற்றியே.

மழை வேண்டாவென்று நாம் வேண்டுதல் இயலாது, வேண்டவும் வேண்டா. ஆயின், நமக்கு நன்மையாவது பிறர்க்கு இடராதலும் கூடும் என்னும் அறிவு நூலினால் மட்டும் எளிதில் எய்துவதன்று. நேரிற் சென்று கண்டார்க்கே உள்ளத்திற் பதியும். காற்று வாங்கச் சென்ற நாம் இவ்வறிவையும் வாங்கி வருவோமாயின், நம் பிரயாணம் வீண்போனதாகாது. அடுத்த மழைநாளில் ஏரி நிறைவது கண்டு மகிழுங்கால், வெறிச்சோடிய அப்பாத்திகளையும் ஒருகணம் நினைப்போமாக.