ராஜியும் கொளத்தூரும்

கேள்வி: ‘தி ஃபேமிலி மேன்’ இந்தி இணையத் தொடரின் இரண்டாம் சீசன் ஈழத்தமிழரைக் கொச்சைப்படுத்தியது என்ற கோபம் நியாயமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பாதி நியாயம். 2021 மே மாதம் டிரெய்லரை மட்டும் பார்த்துவிட்டே தடை கேட்டார்கள். வைகோ எழுதினார், அன்றைய தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் போட்டார். ஜூன் 4-ல் தொடர் வந்தபோது, சமந்தா நடித்த ஈழப் போராளி ராஜி வெறும் வில்லி இல்லை என்று தெரிந்தது. அவளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லித்தான் கதை நகர்கிறது. தமிழும் தாராளமாகப் பேசுகிறார்கள். அதில் வரும் முன்னாள் உளவாளி செல்லம் சாரை வடக்கேயும் கொண்டாடினார்கள்!

ஆனால் சமந்தாவின் முகத்துக்கு எதற்கு அத்தனை கறுப்புப் பூச்சு? ஈழப் போராளிகளைப் பாகிஸ்தான் உளவுத்துறையான ஐ.எஸ்.ஐ.யோடு கோத்துவிட்டது அதைவிட மோசம். நிஜத்தில் எண்பதுகளில் போராளிகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது இந்திய உளவுத்துறைதான். நம் மேட்டூர்ப் பக்கம் கொளத்தூரிலேயே விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்கள். உளவுக் கதைக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

பவானிசாகரிலும் பூலுவபட்டியிலும் மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிற ஈழத்தமிழர்கள் பலர் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள். குண்டும் துப்பாக்கியும் இல்லாத அவர்களை எந்தத் தொடரும் தேடி வரவில்லை. தடை கேட்டவர்கள் அந்தக் குடியுரிமைக்கும் ஒரு கடிதம் போடலாம்.