ஷாங்காயா, சூசோவா?

கேள்வி: சீனத்தில் நான்கு நாள் தங்க நேர்ந்திருக்கிறது. ஷாங்காயில் தங்குவதா, அருகிலுள்ள சூசோ நகரில் தங்குவதா?

பதில்: சூசோவிலேயே தங்குங்கள். கி.மு. 514-இல் ஊ நாட்டு மன்னன் ஹெலூ தலைநகராக நிர்மாணித்ததென்பர் அந்நகரை. 1229-இல் கல்லில் செதுக்கிய வரைபடத்தில் காணும் கால்வாய், வீதிகளின் அமைப்பு பெரும்பாலும் இன்றளவும் நிலைத்திருக்கும் பாக்கியம் பெற்ற அவ்வூரை ஒரு பகற்பொழுதில் அவசரமாகப் பார்த்துத் திரும்புவது எனக்குச் சம்மதமில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உத்தியோகத்தைத் துறந்து ஊர் திரும்பிய வாங் சியன்சென் என்பார் அமைத்த தோட்டத்திலே, எங்கோ நகரத்தின் நடுவே நிற்கும் பௌத்த கோபுரத்தையும் தன் குளக்கரைக் காட்சியின் ஓர் அங்கமாக்கிக்கொண்ட அந்த அபூர்வமான கலையுணர்வை, ஜனக்கூட்டம் சேருமுன் அதிகாலையில் சென்று, நின்று நிதானித்து அனுபவிக்க வேண்டும். பிங்ஜியாங் வீதியின் கால்வாயோரம் அந்திக்குப் பிறகே ரம்மியமாயிருக்கும். உள்ளூரில் தங்கியவருக்கன்றோ அது கிட்டும்!

ஷாங்காயைத் துறக்க வேண்டியதில்லை. அதிவேக ரயிலில் ஏறத்தாழ அரைமணிப் பிரயாணம். ஹுவாங்பு நதியின் மேற்கரையிலே பழைய வங்கி மாளிகைகளையும், எதிர்க்கரையிலே 632 மீட்டர் உயர்ந்த ஷாங்காய் கோபுரத்தையும் ஒருசேரக் காண ஒரு நாள் போதும். ரயிலுக்குப் பாஸ்போர்ட்டை மறவாது எடுத்துச் செல்லுங்கள்.